புதுக் கீபோர்டு வாங்குமுன் நோட்பேடைத் திறந்து பாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பித்த புதிதில் ஒரு ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, பில் போடும் திரையில் பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்றார்கள். பாலக்காடு போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் அதே கதை. நோட்பேடைத் திறந்து அடித்துப் பார்த்திருந்தால் அங்கே ஒழுங்காக அழித்திருக்கும், பஸ் காசும் மிச்சமாகியிருக்கும். நோட்பேடில் சரியாக இருந்தால் கீபோர்டு மேல் தப்பில்லை. உங்கள் டெர்மினல் (தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசும் திரை) அனுப்புவது ஒன்று, அந்தப் பக்கம் சர்வர் (அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர்) எதிர்பார்ப்பது வேறொன்று, அவ்வளவுதான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஏறக்குறைய இந்த ரகம்.

"அண்ணா, பேக்ஸ்பேஸ் அழுத்தினா எழுத்து அழியாம தொப்பிக் குறியும் எச்சும் வருது. புட்டியிலதான் வேலை." (வாளையார், லாரி புக்கிங் ஆபீஸ்)

பேக்ஸ்பேஸுக்கு இரண்டு எண் புழக்கத்தில் இருக்கிறது, 8 ஒன்று, 127 ஒன்று. தொப்பி-எச் (^H) வந்தால் உங்கள் புட்டி (சர்வரோடு பேச நம் கம்ப்யூட்டரில் வைக்கும் டெர்மினல் புரோகிராம்) 8 அனுப்புகிறது, சர்வர் 127-க்குக் காத்திருக்கிறது. தொப்பியும் கேள்விக்குறியும் வந்தால் நேர் எதிர். புட்டி செட்டிங்ஸில் டெர்மினல், அதற்குள் கீபோர்டு. அங்கே பேக்ஸ்பேஸ் கீ என்று இரண்டு வட்டம் இருக்கும், இப்போது புள்ளி இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான்: செஷன் பக்கத்துக்குத் திரும்பிப் போய், உங்கள் செஷன் பெயரைத் தொட்டு, சேவ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நாளைக் காலையில் மறுபடி தொப்பிதான்.

"அண்ணே, ஏலக்காய்க் கடை பில்லிங் பழைய சர்வர்ல ஓடுது. புது மெஷின்ல எஃப்1 அடிச்சா மெனு வராம 11-ம் ஒரு நெளிகோடும் விழுது." (குமுளி)

இது கொஞ்சம் பழைய கதை. 1978-ல் டிஇசி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி விடி100 டெர்மினலைக் கொண்டுவந்தபோது அதில் எஃப் கீ வரிசையே கிடையாது, நம்பர் பேடின் தலையில் பிஎஃப்1 முதல் பிஎஃப்4 வரை நாலே நாலு கீ. 1983-ல் வந்த விடி220-இல் எஃப்20 வரை இருந்தது, ஆனால் முதல் ஐந்தும் டெர்மினலின் சொந்த வேலைக்கு, சர்வருக்குக் குறி எதுவும் போகாது. ஆக எஃப்1-க்கு இதுதான் குறி என்று ஊரறிந்த ஒரு முடிவு ஏற்படவில்லை, ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டார்கள். புட்டி தானாக அனுப்புவது எஸ்கேப், சதுர அடைப்பு, 11, நெளிகோடு. உங்கள் பில்லிங் அதில் முன்பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திரையில் துப்புகிறது. அதே கீபோர்டு பக்கத்தில் ஃபங்ஷன் கீகளுக்குப் பல வகை இருக்கும். சர்வரில் ஓடும் சிஸ்டம் எஸ்சிஓ யூனிக்ஸ் என்றால் எஸ்சிஓவைத் தேர்ந்தெடுங்கள், லினக்ஸ் என்றால் முதலில் லினக்ஸ், பிறகு எக்ஸ்டெர்ம் ஆர்6. எது பொருந்தியது என்று தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள், அடுத்த மெஷின் வரும்போது என்னைத் தேட வேண்டாம்.

கீ என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? லினக்ஸில் 'கேட்' என்று மட்டும் அடித்து எண்டர் தட்டி, சந்தேகப்படும் கீயை அழுத்துங்கள். வெளியே வர கன்ட்ரோல்-சி.

"சார், விஐ எடிட்டரில் நம்பர் பேடில் 1 அடித்தால் க்யூ வருகிறது, அதுவும் மேலே புது வரியில். நம்-லாக் விளக்கு எரிகிறது." (நகரி)

எரியும், எரிந்தும் பயனில்லை. விஐ என்பது யூனிக்ஸ், லினக்ஸில் ஃபைலை எழுதித் திருத்தும் எடிட்டர். அது நம்பர் பேடை அப்ளிகேஷன் மோடுக்கு, அதாவது எண்ணுக்குப் பதில் தனிக் குறிகளை அனுப்பும் நிலைக்கு மாற்றிவிடுகிறது. அப்போது 1 என்பது எஸ்கேப், பெரிய ஓ, சின்ன க்யூ என்று மூன்றாகப் போகிறது. எஸ்கேப் வந்ததும் விஐ எழுதும் நிலையிலிருந்து வெளியே வருகிறது, பெரிய ஓ மேலே ஒரு வரி திறக்கிறது, பாக்கி க்யூ அதில் விழுகிறது. 0-க்கு பி, 9-க்கு ஒய். புட்டியில் டெர்மினலுக்குள் ஃபீச்சர்ஸ் பக்கம் போய், அப்ளிகேஷன் கீபேட் மோடை முடக்கும் பெட்டியில் டிக் போடுங்கள், தீர்ந்தது.

"எங்க கடையில தமிழ், மலையாளம் ரெண்டும் டைப் பண்ணுவோம். சில நாள் டெர்மினல்ல எந்தக் கமாண்டும் எடுக்கறதில்ல." (வேலந்தாவளம்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது இது நடக்கிறது. எல், எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கமாண்ட்) இரண்டையும் அடித்துத் திரையைப் பாருங்கள். 'தி' என்று வந்தால் யாரோ தமிழ்99 கீபோர்டு முறையை மாற்றாமல் போய்விட்டார்கள். 'தே' என்று வந்தால் இன்ஸ்கிரிப்ட், இந்திய மொழிகளுக்குப் பொதுவான கீபோர்டு முறை. இன்ஸ்கிரிப்டில் எந்த மொழி என்றாலும் ஒரே ஒலிக்கு ஒரே இடம் என்பதால் மலையாளத்திலும் தே, நகரிப் பக்கம் தெலுங்கிலும் அதே தே, எழுத்து வடிவம் மட்டும் மாறும். கட்டம் கட்டமாக வந்தால் அந்த எழுத்துரு டெர்மினலில் இல்லை, கோளாறு இதேதான். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி இங்கிலீஷுக்கு வாருங்கள். விஐயில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு: எஸ்கேப் அடித்தாலும் கீபோர்டு தமிழிலேயே நிற்கும், சேமித்து வெளியே வர டபிள்யூ, க்யூ என்று தட்டினால் 'ஈஆ' என்று விழும். திட்டாதீர்கள், மாற்றிவிட்டு அடியுங்கள்.

"சேவ் பண்ண கன்ட்ரோல்-எஸ் அடிச்சேன், திரை செத்துப்போச்சு." (மறையூர்)

சாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-க்யூ அடித்தால் மறுபடி ஓடும். நீங்கள் இடையில் பதறி அடித்ததெல்லாம் சர்வருக்குப் போயிருக்கும், அது மொத்தமாக வந்து கொட்டும், பயப்பட வேண்டாம்.

"வீட்டிலிருந்து மெயின்ஃப்ரேம் வேலை. எண்டர் அடித்தால் கர்சர் அடுத்த வரிக்குப் போகிறதே தவிர எதுவும் நடக்கவில்லை. சில நேரம் கீழே எக்ஸ் குறி வந்து கீபோர்டே பூட்டிக்கொள்கிறது." (குப்பம்)

3270 எமுலேட்டர்கள் (மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரின் பழைய டெர்மினல் போல நடிக்கும் புரோகிராம்கள்) பலவற்றில் வலது கன்ட்ரோல்தான் எண்டர், இடது கன்ட்ரோல்தான் ரீசெட். எழுதக்கூடாத இடத்தில் கர்சரை வைத்து எழுதினால் பூட்டிக்கொள்ளும், ரீசெட் தட்டினால் திறக்கும். உங்கள் லேப்டாப்பில் வலது கன்ட்ரோலே இல்லையென்றால், எமுலேட்டரின் கீபோர்டு மேப்பில் எண்டரை எண்டர் கீக்கே கொடுத்துவிடுங்கள்.