ஒரு லைப்ரரி மாறினால் பத்து பேக்கேஜ் ஏன் திரும்ப கம்பைல் ஆகிறது? – கேள்வி பதில்

ஜென்டூ லினக்ஸை நான் தினமும் பயன்படுத்துகிறேன். இதில் பேக்கேஜ்களை (மென்பொருட்களை) பெரும்பாலும் மூல நிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது கட்டி, நிறுவுவோம். அப்டேட், மறு கம்பைல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, ஐசியு-ன்னு ஒரே ஒரு லைப்ரரிதான் அப்டேட். லிப்ரேஆபீஸ், வெப்கிட் பிரவுசர் எஞ்சின் எல்லாம் திரும்ப கம்பைல் ஆகுதே, ஏன்?

பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் குறியீட்டுத் தொகுப்புதான் பகிர்வு லைப்ரரி; ஐசியு அப்படி யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஒன்று. பெரும்பாலான பகிர்வு லைப்ரரிகளின் பெயரின் கடைசியில் ஓர் எண் உண்டு. அதோடு சேர்த்துத்தான் ‘சோநேம்’ என்போம். ஒரு நிரலை கம்பைல் செய்யும்போதே, ‘எனக்கு இந்த எண் வேண்டும்’ என்று அதற்குள் பதிவாகிவிடும். எண் ஏறினால் பழைய நிரலுக்கு அந்த லைப்ரரி கிடைக்காது, திறக்கும்போதே நின்றுவிடும். ஐசியு வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் விடுகிறது, ஒவ்வொன்றிலும் எண் ஏறும். பழைய பெயரில் புது ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டுச் சமாளிக்கலாம் என்று தயவுசெய்து முயலாதீர்கள். ஐசியு தன் ஃபங்ஷன் பெயர்களின் வாலிலும் அதே எண்ணை ஒட்டி வைத்திருக்கிறது. ஃபைல் கிடைத்தாலும் உள்ளே தேடும் ஃபங்ஷன் கிடைக்காது.

பிடிஎஃப் படிக்க உதவும் பாப்லர் லைப்ரரி இதைவிட அடிக்கடி மாறும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரல் அதன் உள்பகுதியையே நேரடியாகப் பயன்படுத்துவதால் அதையும் கூடவே கட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: ரெண்டு மூணு மாசம் அப்டேட் பண்ணாம விட்டா வேலை குறையாதா சார்?

கம்பைல் நேரம் குறையும், உண்மைதான். நடுவில் வந்த மூன்று பாப்லருக்குப் பதில் ஒன்றைக் கட்டினால் போதும். ஆனால் சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். 2024 மார்ச்சில் ஜென்டூவின் 23.0 ப்ரொஃபைல் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புத் தொகுப்பு) வந்தது, அதற்கு மொத்த சிஸ்டத்தையும் திரும்பக் கட்டச் சொன்னார்கள். சில மாதங்களிலேயே ஜென்டூவில் இயல்பாக வரும் பைத்தான் பதிப்பு 3.12-க்கு மாறியது. இரண்டும் ஒரே நாளில் தலையில் விழுந்தால் ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜ் காட்டும் பிளாக்கர் (ஒன்றோடொன்று முட்டும் பேக்கேஜ்கள்) பட்டியலைப் படித்து முடிக்கவே பொழுது போய்விடும். பாதுகாப்புத் திருத்தங்களும் அத்தனை நாள் காத்துக் கிடக்கும். நான் சனிக்கிழமை இரவு செய்கிறேன், அதற்கு முன் ஜென்டூ செய்தி அறிவிப்புகளைப் படித்துவிடுவேன்.

கேள்வி: என்னோடது 4 ஜிபி ரேம் லேப்டாப். வெப்கிட் வந்தாலே உறைஞ்சுடுது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இரவு க்யூட்டி வெப்எஞ்சின் என்ற இன்னொரு பெரிய பிரவுசர் எஞ்சினின் கம்பைலை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் முக்கால்வாசி தாண்டிய இடத்தில் கம்பைலர் கொல்லப்பட்டதாக ஒரே ஒரு வரி. ரேம் தீர்ந்ததும் கெர்னலே அதை நிறுத்திவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

ஒரு கம்பைல் வேலைக்குச் சுமார் 2 ஜிபி ரேம் என்று கணக்கு வையுங்கள். எட்டு கோர் இருந்தாலும் உங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரு வேலை, அதிகம் போனால் இரண்டு. அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே ஏராளமான பைனரி பேக்கேஜ்கள் (ஏற்கெனவே கம்பைல் செய்தவை) தருகிறது. உங்கள் யூஸ் ஃப்ளாக் (பேக்கேஜில் எந்த வசதி வேண்டும், வேண்டாம் என்ற தேர்வு) அவர்கள் கட்டியதோடு பொருந்தினால்தான் பைனரி இறங்கும். அதனால் இந்த ராட்சதர்களின் ஃப்ளாகில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: நான் ஆர்ச். பைத்தான் அப்டேட்டுக்கு அப்புறம் ஏயுஆர்-ல இருந்து போட்டது எதுவும் திறக்கலை.

ஆர்ச் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பவற்றை அவர்களே மறுபடி கட்டித் தருகிறார்கள். ஏயுஆர் என்பது பயனர்கள் பகிரும் களஞ்சியம், அதிலிருந்து நீங்களே கட்டியவை உங்கள் பொறுப்பு. உதாரணமாக, பைத்தான் 3.12-இல் கட்டிய மாட்யூல்கள் 3.12 ஃபோல்டரிலேயே கிடக்கும், 3.13 அங்கே எட்டிப் பார்க்காது. பழைய ஃபோல்டர் எந்தெந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று பேக்மேனிடம் (ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளர்) கேட்டு, வருபவற்றை மட்டும் திரும்பக் கட்டுங்கள்.

கேள்வி: ரெவ்டெப்-ரீபில்ட் இன்னும் ஓட்டணுமா?

லைப்ரரி கிடைக்காமல் உடைந்த நிரல்களைத் தேடித் திரும்பக் கட்டும் ஜென்டூ கருவி அது. பெரும்பாலும் தேவையில்லை. லைப்ரரி எண் மாறுவதைப் பேக்கேஜிலேயே குறிக்கும் சப்ஸ்லாட் வந்தபின் எதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று போர்ட்டேஜே கண்டுபிடித்துவிடுகிறது.

கேள்வி: எல்லாத்தையும் ஸ்டாடிக்கா இணைச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

ஸ்டாடிக் என்றால் லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது. தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். கோ மொழி நிரல்கள் தங்களுக்கு வேண்டிய லைப்ரரியைத் தங்களுக்குள்ளேயே சுமக்கின்றன. அந்த லைப்ரரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டால் ஒவ்வொரு நிரலையும் திரும்பக் கட்ட வேண்டும், எதைக் கட்டாமல் விட்டோம் என்பது கண்ணுக்கும் தெரியாது. பகிர்வு முறையில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் எண் மாறாத திருத்தம் வந்தால், அந்த ஒன்றை மாற்றி, அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ரீஸ்டார்ட்டை மறக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய லைப்ரரியைத்தான் நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்.