துறைகள் பல, சரிபார்ப்பு ஒன்று: சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு நூலகரின் கேள்வி பதில்

நான் 28 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வு மாணவர்களுக்கு நூல் தேடிக் கொடுக்கும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் செப்பேட்டைப் பற்றிக் கேட்பவர் வருவார், மதியம் பூஞ்சையைப் பற்றிக் கேட்பவர் வருவார். இரண்டிலும் நான் வல்லுநன் அல்லன். எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பல துறை ஆராய்ச்சிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே விடை எழுதியிருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவி: ஆராய்ச்சி என்றாலே எங்கள் வீட்டில் எல்லோரும் சோதனைக் குழாயைத்தான் நினைக்கிறார்கள். கலைப் பிரிவில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் எதை ஆராய்கிறார்கள், ஐயா?

பதில்: உங்கள் வீட்டார் வியப்படையக்கூடிய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில்தான். முதல் உலகப் போர்க்காலத்தில் ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர்களை அது அமர்த்தத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்றவை இந்திய வரலாறும் தொல்லியலும், ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளியல் ஆகிய துறைகளே. தாவரவியல், விலங்கியல் ஆய்வகங்கள் அதற்குப் பின்னால் வந்தவை.

அவற்றுள் பொருளியலை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1915இல் இங்கிலாந்திலிருந்து வந்த பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் பாடப்புத்தகத்தைப் படித்தால் போதாது, ஊர்களுக்குப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும் என்று ஒரு நீண்ட வினாப்பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, என்ன பயிர் விளைகிறது, கூலி நெல்லாகக் கொடுக்கப்படுகிறதா காசாகக் கொடுக்கப்படுகிறதா, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றி அப்படித் திரட்டிய விவரங்கள் 1918இல் நூலாயின. அத்தோடு முடிந்திருந்தால் அது பழைய புத்தகங்களில் ஒன்றாகிப் போயிருக்கும். ஆனால் 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆய்வாளர்களோடு திரும்பிப் போனார்கள்; 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் போனார்கள்; இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர்கள் போனார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு உலகில் அரிது. இது நடந்ததற்குக் காரணம், முதலில் போனவர்கள் தாங்கள் என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம் என்பதை எழுதி வைத்ததுதான். அடுத்தவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடிகிற எதையும் நான் ஆராய்ச்சி என்றே சொல்வேன். அதற்குச் சோதனைக் குழாய் கட்டாயமில்லை.

ஒரு பட்டதாரி: நெட் தேர்வுக்குச் சிறந்த பயிற்சி மையம் எது?

பதில்: இது என் துறையன்று. உங்கள் பாடத்தில் சென்ற ஆண்டு தேறியவர்களைக் கேளுங்கள்.

மதுரை வாசகர்: முதுகலைப் பட்டம் இல்லாமல் ஆராய்ச்சியில் சேர முடியுமா? இராமானுஜனுக்குப் பட்டமே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். எஃப்.ஏ. என்ற இளங்கலைக்கு முந்தைய கல்லூரித் தேர்வில் தேறாமல், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த இராமானுஜனுக்கு, விதியைத் தளர்த்தி 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் வழங்கியது. பலர் விட்டுவிடும் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனை அவருக்கும் இருந்தது, அவரும் அறிக்கைகளைத் தந்தார். இன்றைய நிலையைக் கேட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேர விண்ணப்பிக்கலாம்.

ஓர் ஆய்வு மாணவர்: ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 4,000 ரூபாய் கட்டினால் ஐந்து நாளில் என் கட்டுரையை வெளியிடுவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கட்டுரையை உங்கள் துறை தெரிந்த இருவர் படித்துக் குறை சொல்ல ஐந்து நாள் போதாது. ஆகவே அங்கே ஒருவரும் படிக்கப்போவதில்லை என்று பொருள். அந்த இதழின் ஆசிரியர் குழுவில் உள்ள இருவரின் பெயரை எடுத்து, அவர்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மாணவருக்காக நான் அப்படித் தேடியபோது, குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உயிரியல் ஆசிரியர்: துறைகளுக்கு இடைப்பட்ட ஆய்வு என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மையில் எப்படி நடக்கிறது?

பதில்: பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தால் நடக்கிறது. 1952இல் ஜி. என். இராமச்சந்திரன் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் சொன்னார். கொலாஜன் என்பது தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருக்கும் நார்ப்புரதம்; தோல் பதனிடுவோருக்கு அதுதான் மூலப்பொருள். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகில், அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படமும் ஆராயப்பட்டது. 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு ஒன்றை முன்வைத்தார்கள்; அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் அமைப்பாக மாற்றினார்கள். மூன்று பேர் சடை பின்னிக்கொண்டே மாடிப்படி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் உள்ளே இடம் போதும்.

இனிமேல்தான் சுவையான பகுதி வருகிறது. அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று, அதே புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் அளவுக்கு மீறியது என்று இராமச்சந்திரன் தேடத் தொடங்கினார். வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, அணுக்களுக்கு இடையே இருக்கக்கூடிய மிகக் குறைந்த தொலைவுகளைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கிலிருந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று காட்டும் வரைபடம் 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் வெளிவந்தது. இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் தங்கள் விடையைச் சரிபார்க்க அந்த இராமச்சந்திரன் வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். தோல் நிறுவனம் கொடுத்த மாதிரி, இயற்பியலார் ஆராய்ந்த படம், எதிர்த்தரப்பின் குறை ஆகிய மூன்றும் சேர்ந்து உயிரியலுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தன.

ஒரு பொறியாளர்: இதை ஆராய்ச்சி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பல்கலைக்கழகம் கால் நூற்றாண்டுக் காலம் தமிழ் லெக்சிகன் என்ற ஓர் அகராதிக்குச் செலவழித்ததே, சொல்லைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதும் ஆராய்ச்சியா? இன்று ஒரு மென்பொருள் அதை ஒரு வாரத்தில் முடித்துவிடும்.

பதில்: முடிக்கட்டும், முதலில் ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ‘கால்’ என்பது உடலுறுப்பு, காற்று, நீர் ஓடும் வாய்க்கால், பந்தலுக்கு நடும் கம்பம், நான்கில் ஒரு பங்கு. இவை ஒரே சொல்லின் ஐந்து பொருள்களா, ஒரே ஒலியுள்ள வெவ்வேறு சொற்களா? விலங்குக்கு நான்கு கால் என்பதால் ‘கால்’ கால்பங்கைக் குறித்ததா? இவற்றில் எந்தப் பொருள் எந்த நூலில் வருகிறது? ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஏட்டையும் அச்சுநூலையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியை அடிப்படையாக வைத்து, 1913இல் சாண்ட்லர் தலைமையில் வேலை தொடங்கியது. 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். ஆறு தொகுதிகள் 1936இல் முடிந்தன, பிற்சேர்க்கை அதன்பின் வந்தது. ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய வேலை நான்கு லட்சத்தைத் தாண்டியது என்பதை உங்களுக்காகச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அகராதியில் ஒரு சொல்லைத் திறந்தால், பொருளுக்குப் பக்கத்தில் அது வந்த நூலின் சுருக்கப்பெயரும் பாட்டின் எண்ணும் இருக்கும். பேச்சுவழக்காக இருந்தால் யாழ்ப்பாணத்ததா நாஞ்சில் நாட்டதா என்ற குறியும் இருக்கும். உங்கள் மென்பொருள் ஒரு வாரத்தில் வரிசைப்படுத்தும் சான்றுகளை இவர்கள்தான் தேடி எழுதினார்கள்.

தமிழாசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த அகராதியில் தூய தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடசொல் என்று காட்டியிருக்கிறார்கள். பாவாணர் அதை வரிவரியாகக் கண்டித்திருக்கிறார். இதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

பதில்: சொல்லத்தான் இருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். தேவநேயப் பாவாணர் அதன் வேர்ச்சொல் விளக்கங்களைக் கடுமையாக எதிர்த்தார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை 1974இல் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது அவரே அதன் இயக்குநரானார். பாவாணரின் எல்லா வேர்களையும் நான் ஏற்பதில்லை. அதைப் போலவே பழைய அகராதியின் எல்லா வடமொழிக் குறிகளையும் ஏற்பதில்லை. மொழியியலாளர்களான பரோவும் எமனோவும் 1961இல் திராவிட மொழிகளுக்கான வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டபோது, தமிழ்ச் சொற்களுக்கு இந்தப் பல்கலைக்கழக அகராதியையே பெரிதும் நம்பினார்கள். ஆனால் வேர்களை மற்றத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுத் தாங்களே முடிவு செய்தார்கள். சான்றுகளை ஏற்று முடிவை மறுக்க அவர்களுக்கு வழி இருந்தது.

பொறியாளர் மீண்டும்: ஆக, பிழை இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான்கு லட்சமும் வீண்தானே?

பதில்: தம்பி, 1954இல் வந்த கொலாஜன் அமைப்பிலும் பிழை இருந்தது; அதை அடுத்த ஆண்டே திருத்தினார்கள். அதை வீண் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆராய்ச்சி என்று ஒப்புக்கொண்டீர்கள். அகராதிக்கு மட்டும் வேறு தராசு எதற்கு?

ஆய்வு மாணவி: உங்கள் சண்டைக்கு நடுவே என் கேள்வி காணாமல் போய்விட்டது. எந்த ஆய்விதழில் விரைவாக வெளியிடலாம்?

பதில்: உங்கள் கேள்வி காணாமல் போகவில்லை, அதை மேலே ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். விரைவு என்ற சொல்லை விட்டுவிட்டு அந்த விடையைப் படியுங்கள்.

மற்றொருவர்: முனைவர் பட்டத்துக்குக் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டுமா? குறைந்த கட்டணத்தில் வெளியிடும் இதழ் எது?

பதில்: 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை, உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: பணம் கட்டாதீர்கள்.

தாவரவியல் மாணவர்: பாசிகளைப் பற்றி ஆராய்ந்தால் எதிர்காலம் உண்டா?

பதில்: வேலைவாய்ப்பைப் பற்றி நான் வாக்குறுதி தர மாட்டேன், பாசியைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய எம். ஓ. பி. ஐயங்கார், ஈர மண்ணில் வளரும் ஒரு பச்சைப் பாசியை 1932இல் விவரித்து, அதற்கு ஃப்ரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். நீரில் மிதக்கும் பாசிகளைப் போல் இல்லாமல் அது தரைக்கு அடியில் ஒரு பகுதியும் தரைக்கு மேல் ஒரு பகுதியுமாக வளர்வதால், தாவரங்கள் நீரைவிட்டு நிலத்துக்கு எப்படி வந்திருக்கும் என்ற விவாதத்தில் அதன் பெயர் நெடுங்காலம் அடிபட்டது. மழை விட்ட மறுநாள் உங்கள் கல்லூரித் தரையைக் குனிந்து பாருங்கள், தலைப்பு அங்கே இருக்கலாம்.

ஒருவர்: ஆய்வேட்டில் பிறர் எழுதியவற்றோடு எத்தனை விழுக்காடு ஒற்றுமை இருக்கலாம்?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். சொற்களை மாற்றிப்போட்டு எண்ணைக் குறைத்துத் தருவதாகச் சொல்பவர்களும் பணம்தான் கேட்பார்கள், அவர்களுக்கும் கட்டாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் ஊர் கங்கைகொண்டான். இங்கே நூறு ஆண்டுக்கு முன்பே ஆய்வு நடந்தது என்று நீங்கள் முதல் விடையில் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நான் பி.காம். படித்தவன், ஆராய்ச்சியாளன் இல்லை. என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1918ஆம் ஆண்டு நூலில் உங்கள் ஊர் பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பிறகு 1940இல் வெளிவந்த தாமஸ், இராமகிருஷ்ணன் நூலில் அதே ஊரைப் பாருங்கள். இடையில் எது மாறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் ஊரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. வயலுக்குப் போன வீடுகளில் எத்தனை வீட்டார் இப்போது ஆலைக்குப் போகிறார்கள் என்பது அந்தப் பழைய வினாப்பட்டியலில் இல்லாத கேள்வி, அதை நீங்கள் சேர்க்க வேண்டும். மற்றக் கேள்விகளை மாற்றாதீர்கள். கேள்வி மாறினால் ஒப்பிட முடியாது. முதலில் உங்கள் தெருவில் பத்து வீடு போதும். கேட்ட தேதியை எழுதுங்கள். கூலியை ரூபாயில் மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அன்று உங்கள் ஊர்க் கடையில் ஒரு கிலோ அரிசி என்ன விலை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.