தொழிற்சாலைச் சத்தம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாதமாக எங்களுக்குள் ஒரே சண்டை. பழைய ராக் இசைக்கலைஞர்களில் பின்னால் வந்த இசையை அதிகம் பாதித்தது யார்? ஒருவன் பீட்டில்ஸ் என்கிறான், இன்னொருவன் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். எனக்கு லெட் செப்பலின். பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் பிளாக் சபாத் என்றார். "அது இசையா சார், தொழிற்சாலைச் சத்தம்" என்று சொல்லி மூவரும் சிரித்துவிட்டோம். முதல் ஐந்து பேரை நீங்கள் வரிசைப்படுத்திச் சொன்னால் சண்டை தீரும். ராக் எப்படியும் பீட்டில்ஸிடம்தானே தொடங்கியது?

கே., ஓசூர்

*

அன்புள்ள கே.,

வரிசையெல்லாம் தரமாட்டேன். சண்டை தீரவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் இசையைப் பற்றிச் சண்டை போட மூன்று பேர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது உங்களுக்குத் தெரியாது.

ராக் பீட்டில்ஸிடம் தொடங்கவில்லை. சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு 1955இல் வந்தபோது பீட்டில்ஸின் ஜான் லென்னனுக்கு 14 வயது. உங்கள் லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் கடைசியாக வருகிறதே, அந்த வெள்ளப் பாட்டு, அதை மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இலேயே பதிவு செய்துவிட்டார்கள். இந்தக் கறுப்பினக் கலைஞர்களின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு மாதம் பாதிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். இது சின்னப் பிழை இல்லை. முதலில் உட்கார்ந்து அவர்களைக் கேளுங்கள்.

சரி, நான் எழுத வந்தது அந்தப் பக்கத்து மேஜைக்காரருக்காக. தொழிற்சாலைச் சத்தம் என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஆஸ்டன் என்று ஒரு பகுதி. பிளாக் சபாத்தின் நால்வரும் அங்கேயும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்தவர்கள். கிட்டார்காரர் டோனி ஐயோமி 17 வயதில் ஒரு தகட்டுப் பட்டறையில் வெல்டராக இருந்தார். 1965. ஒரு இசைக்குழுவோடு வெளிநாடு போக ஏற்பாடாகி, வேலையில் அன்றுதான் கடைசி நாள். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இனிப் போகவில்லை என்றார். போய் இன்றைய வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். பிரஸ் மிஷினில் வேலை செய்பவர் அன்று வராததால் இவரை அதில் நிறுத்தியிருந்தார்கள். மிஷின் கைமேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்தார். வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி போய்விட்டது. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான்.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம்தான். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் அவர்தான். 1983இல் ஒரு இரவு ஷிப்டில் டைக்குள் மாட்டிய தகட்டை எடுக்கப் போய் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியாயின. மூன்றாம் நாள் போர்மேன் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், நான்கு ஆப்பிள், கையெழுத்து வாங்க ஒரு தாள். தாளில் 'அஜாக்கிரதையால்' என்று டைப் அடித்திருந்தது. இடது கையால் கிறுக்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே ஆர்மோனியத்தைப் பஜனை மடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்டனிலும் போர்மேன் வந்தார். அவர் கையில் ஓர் இசைத்தட்டு. எனக்கு இப்போது இசையே வேண்டாம் என்று சொன்ன பையனை விடாமல் கேட்க வைத்தார். கேட்டு முடித்த பிறகு சொன்னார், இதை வாசித்தவன் இரண்டு விரலால் வாசிக்கிறான் என்று. அது ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் அவருடைய வண்டி வீட்டில் தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. நீங்கள் பெயர் கேட்கிறீர்கள் கே., நான் முதலில் சொல்வது அந்தப் போர்மேனை.

அதற்குப் பிறகு ஐயோமி செய்தது பட்டறைக்காரன் செய்கிற வேலை. பாத்திரம் தேய்க்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து, தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். வழக்கமான தந்திகள் விரலுக்குக் கடினமாக இருந்ததால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை மாட்டினார். அப்புறம் இன்னும் இதமாக இருக்கட்டும் என்று தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுருதி மூன்று அரைசுரம் கீழே. விரலுக்கு ஏற்றபடி இரண்டு சுரம் சேர்ந்த எளிய பிடிகள். அந்தக் கனத்த சத்தத்தில் பாதி இப்படி வந்தது.

1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள். ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். நமக்குக் கல்யாணியில் பழகிய சுரம்தான், ஆனால் பக்கத்தில் பஞ்சமத்தின் துணை இல்லாமல் அங்கேயே நின்று நடுங்குகிறது.

மூன்று சுரம். ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் வாசித்துவிடலாம். பாதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஹென்ட்ரிக்ஸைக் கேட்கும் பையன் பிரமித்துப்போய் கிட்டாரைக் கீழே வைக்கிறான், ஐயோமியைக் கேட்பவன் கையில் எடுக்கிறான். எடுத்த இரண்டாம் மாதம் நண்பர்களைச் சேர்க்கிறான். கலிபோர்னியாவில் மெட்டாலிகா, சியாட்டிலில் தந்தியை இறக்கி வாசித்த சவுண்ட்கார்டன், பிரான்சில் கோஜிரா, எல்லோர் வாசிப்பிலும் இது கேட்கிறது. ஹென்ட்ரிக்ஸ் பெரிய கலைஞர், அதில் எனக்குத் தகராறே இல்லை. வழி காட்டுகிறவர் வேறு, வியக்க வைக்கிறவர் வேறு. உங்கள் நண்பர் இரண்டையும் குழப்புகிறார். லெட் செப்பலினை வைத்து நீங்களும் அதையே செய்கிறீர்கள்.

2025 ஜூலை 5இல் ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில், பழைய நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஓஸி ஆஸ்போர்னால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்து பாடினார். 17 நாளில் இறந்துபோனார். அவர்களுக்கு முன்னால் மேடையேறிய மெட்டாலிகா, டூல், பான்டெரா, கன்ஸ் அண்ட் ரோசஸ் எல்லோரும் தங்கள் பாட்டுகளுக்கு நடுவே சபாத்தின் பாட்டுகளை வாசித்தார்கள். உங்கள் கேள்விக்கு அன்று மேடையில் பதில் இருந்தது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஐயோமியின் விரல் தொப்பிகளின் படத்தை போனில் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பிளாஸ்டிக்குன்னா கம்பியில வழுக்குமேடா?" என்றார். பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டிக்கொண்டார் என்று சொன்னேன்.

"ஆமா, தோல்தான் பிடிக்கும்" என்றார். வலது கை வேட்டிமேல் கட்டை கட்டையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.