நோய் திரும்பாத காலமும் ஆயுட்காலமும் ஒன்றல்ல

வணக்கம் ஐயா. மூளை லிம்போமா (நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) உள்ள உங்கள் 66 வயதுத் தாயாருக்கு, மீத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோடு தலை முழுவதற்குமான கதிர்வீச்சையும் சேர்த்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகும் என்று ஜெர்மன் ஆய்வில் படித்ததாகவும், ஆயுளும் அவ்வாறே கூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

2010இல் வெளியான அந்த ஆய்வில், திட்டமிட்டபடி சிகிச்சை பெற்றவர்களிடையே நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு) கதிர்வீச்சோடு ஏறத்தாழ 18 மாதங்களாகவும், அது இல்லாமல் 12 மாதங்களாகவும் இருந்தது. ஆனால் மொத்த ஆயுட்காலம் முறையே 32, 37 மாதங்கள் என அமைந்ததோடு, அவ்வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதாகவும் இல்லை. நோய் திரும்பியவர்களுக்குப் பின்னர் கதிர்வீச்சோ வேறு மருந்தோ கொடுக்க வழி இருப்பதால், முதல் அளவை வைத்து இரண்டாவதைக் கணிக்க இயலாது. ஸ்கேனில் கட்டி மறைவதை வைத்தும் ஆயுளைக் கணிக்க இயலாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து மட்டுமே கூடச் சில நாள்களில் கட்டியைச் சுருக்கிவிடும்.

அதே வேளையில், கதிர்வீச்சைத் தவிர்ப்பதால் ஆயுளுக்குக் குறைவே இல்லை என்பதையும் அந்த ஆய்வு கணக்களவில் நிறுவவில்லை. எனினும், 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கதிர்வீச்சால் நினைவாற்றலும் நடையும் பாதிக்கப்படும் அபாயம் கூடுதல் என்பதை நான் பெரிதாகக் கருதுகிறேன். தாயாரின் நோய் மருந்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்பதை முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முழுமையாகக் கட்டுப்பட்டிருந்தால், கதிர்வீச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாமா என்றும் தயங்காமல் கேளுங்கள்.