தமிழ் தவிர வேற இந்திய மொழியில உங்களுக்கு ரொம்ப பிடிச்ச பத்திரிகையாளர், எழுத்தாளர் யாரு?

யோசிக்கவே வேண்டாம், எனக்கு குஜராத்தி எழுத்தாளர் ஜவேர்சந்த் மேகாணி தான்.

வேலைக்காக ராஜ்கோட்ல ஆறு வருஷம் இருந்தேன். நாங்க மாடியில, வீட்டுக்காரம்மா கீழ. எல்லாரும் அவங்கள 'பா'ன்னு கூப்பிடுவாங்க, குஜராத்தியில அம்மான்னு அர்த்தம். தொட்டில் கயித்த கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு, முறத்துல கோதுமைக்கு கல்லு பொறுக்கிக்கிட்டே பேரனுக்கு ஒரு தாலாட்டு பாடுவாங்க. ஜீஜாபாய் குட்டி சிவாஜியை தூங்க வைக்கிற பாட்டு, இப்பவே நல்லா பால் குடிச்சுக்கோடா, நாளைக்கு சண்டைன்னு வந்துட்டா சாப்பிடக்கூட நேரம் இருக்காதுன்னு போகும். நான் அது எப்பவோ யாரோ கட்டுன நாட்டுப்புறப் பாட்டுன்னே நினைச்சிட்டு இருந்தேன். பா தான் சொன்னாங்க, இல்லப்பா, இது மேகாணி எழுதுனதுன்னு. பேப்பர்ல வேலை பார்த்த ஒருத்தர் எழுதுன பாட்டு தொட்டில் வரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு, அதுக்கப்புறம் தான் அவரைத் தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன்.

1896ல சோட்டிலாவுல பொறந்தவர். அப்பா போலீஸ், அடிக்கடி டிரான்ஸ்ஃபர், அதனால சின்ன வயசுலயே காத்தியவாடுல, அதாவது குஜராத்தோட சௌராஷ்ட்ரா பகுதியில, பல ஊர் தண்ணி குடிச்சாச்சு. பாவ்நகர்ல காலேஜ் முடிச்சிட்டு கல்கத்தாவுல ஒரு அலுமினிய பாத்திர கம்பெனியில நல்ல வேலை, இங்கிலாந்து கூட போயிட்டு வந்துட்டார். ஊர்ல கட்டுற அதே தலைப்பாகையோட ஆபீஸ் போவாராம், தொழிலாளிங்க 'பக்டி பாபு'ன்னு கூப்பிட்டிருக்காங்க. ஆனா மனசு அங்க ஒட்டல. 1921ல எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு கிளம்பிட்டார்.

அடுத்த வருஷம் ராண்பூர்ல அம்ருத்லால் சேட் நடத்துன 'சௌராஷ்ட்ரா' வாரப் பத்திரிகையில சேர்ந்தார். ராண்பூர் ஏன்னு கேட்டா, காத்தியவாடுல அப்ப 200க்கும் மேல சமஸ்தானங்கள், ராஜாவைப் பத்தி ஒரு வரி தப்பா எழுதினா அவ்வளவுதான், ராண்பூர் மட்டும் பிரிட்டிஷ் எல்லைக்குள்ள இருந்துச்சு, அதனால அங்க உக்காந்து எழுதினா ராஜாக்களால நேரடியா கை வைக்க முடியாது.

குஜராத்ல அவரை கவிஞர்னு தான் கொண்டாடுறாங்க, தப்பில்ல. ஆனா என்னைக் கேட்டா அவரை உருவாக்குனது இந்த பத்திரிகை வேலை தான். கிராமம் கிராமமா நடந்தும் குதிரையிலயும் ஒட்டகத்துலயும் போய், பரம்பரையா கதையும் பாட்டும் சொல்ற 'சாரண்' சமூகத்துக்காரங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க, வயசான பாட்டிங்க எல்லார்கிட்டயும் கதை கேட்டு குறிச்சுக்கிட்டார். அந்நிய ஆம்பள முன்னாடி பொம்பளைங்க பாடத் தயங்குற காலம், அப்பவும் போர்பந்தர் பக்கம் டேலிபென்னு ஒரு மேர் சமூகத்து அம்மா மனசு வெச்சு பாட்டு பாட்டா பாடிக் கொடுத்திருக்காங்க. அப்படி சேர்த்த கதைங்க தான் அஞ்சு பாகமா வந்த 'சௌராஷ்ட்ரானி ரஸ்தார்'. அவர் குறிச்சு வைக்கலன்னா அதுல எவ்வளவு அந்தப் பாட்டிங்களோடவே போயிருக்கும்னு நினைச்சா எனக்கு நெஞ்சு பதறும்.

1930ல உப்பு சத்தியாகிரகம் நடக்குறப்ப அவர் போட்ட 'சிந்துடோ' பாட்டுப் புத்தகத்தை பிரிட்டிஷ்காரங்க தடை பண்ணாங்க. அவர் பேசவே பேசாத ஒரு பேச்சுக்காக கேஸ் போட்டு தந்துகா கோர்ட்ல நிறுத்துனாங்க. அங்க அனுமதி கேட்டு, ஆயிரமாயிரம் வருஷத்து எங்க வேதனைங்கற மாதிரி தொடங்குற ஒரு பிரார்த்தனைப் பாட்டை பாடியிருக்கார், கூட்டம் அழுதுச்சு, மாஜிஸ்திரேட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாராம், துடைச்சிட்டு ரெண்டு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு எழுதிட்டார். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால 1931ல வெளிய வந்தார். அதே வருஷம் காந்தி வட்டமேஜை மாநாட்டுக்கு கிளம்புறப்ப, பாபு, இந்தக் கடைசிக் கிண்ணம் விஷத்தையும் குடிச்சிடுங்கன்னு ஒரு பாட்டு எழுதினார். போனா வெறுங்கையோட தான் வரணும்னு தெரிஞ்சே போற மனுஷனோட மனசு அதுல அப்படியே இருக்கும். காந்தி அவரை 'ராஷ்ட்ரிய ஷாயர்', அதாவது தேசியக் கவிஞர்னு சொன்னார், இன்னைக்கும் குஜராத்ல அந்தப் பட்டத்தோட சேர்த்து தான் பேரைச் சொல்லுவாங்க.

1936ல இருந்து 1945 வரைக்கும் 'ஃபூல்சாப்' பத்திரிகைக்கு ஆசிரியர். 'வேவிஷாள்', 'துளசி க்யாரோ' நாவல் ரெண்டும் அதுல தான் தொடரா வந்துச்சு. 1947 மார்ச் 9, போட்டாத்ல மாரடைப்பு, வயசு 50 தான். சுதந்திரத்துக்கு இன்னும் அஞ்சே மாசம். எனக்கு இதுதான் தாங்கல.

நான் விடாம கேள்வி கேக்குறதைப் பார்த்துட்டு பா ஒருநாள் அலமாரியில இருந்து ரஸ்தார் ஒரு பாகத்தை எடுத்தாங்க, அட்டை கழண்டு துணி நூலால தைச்சிருந்தாங்க. சாயங்காலம் டீ குடிச்சிட்டு திண்ணையில உக்காந்து ஒரு கதை படிச்சுக் காட்டுவாங்க, புரியாத காத்தியவாடி வார்த்தைக்கெல்லாம் கையால நடிச்சே அர்த்தம் சொல்லுவாங்க. எனக்கு குஜராத்தி படிக்க வந்தது அப்படித்தான். ஃபூல்சாப் இப்ப ராஜ்கோட்ல இருந்து தினசரியா வருது, பா வீட்டு வாசல்ல காலையில வந்து விழுற பேப்பரும் அதுதான்.