மேஸ்திரியைக் கேளுங்கள்: மஞ்சளாகிப்போன பீடம்

கேள்வி: மேஸ்திரி ஐயா, சிவாஜிநகர் பக்கம் எங்கள் பங்குக் கோவிலில் உள்ள பழைய சலவைக்கல் பீடம் மஞ்சளாகிவிட்டது. மாதா திருவிழாக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. அதற்குள் ஆசிட் வாஷ் செய்து, மேலே கோட்டிங் அடித்துத் தருவதாகக் கான்ட்ராக்டர் சொல்கிறார். பங்குப் பேரவையில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டவே வேண்டாம்மா. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோவில் பீடத்துப் படியில் நானே ஆசிட் ஊற்றியிருக்கிறேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு பொங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். பொங்கியது கல்! சலவைக்கல் சுண்ணாம்பு இனம். எலுமிச்சைச் சாறு பட்டாலே மினுக்கம் போய்விடும். மறுநாள் அந்தப் படியைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில், எந்த மஞ்சள் என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறதா? யாரோ எப்போதோ அடித்த வார்னிஷ். மெழுகுதிரி வைக்கும் இடத்தில் மட்டுமா? அது மெழுகு. பனிக்கட்டி வைத்து இறுகவிட்டு மரச்சீவலால் எடுங்கள். எண்ணெய்க் கறைக்குச் சாக் பவுடரை (வெள்ளைச் சுண்ணப்பொடி) அசிட்டோனில் குழைத்து அரை அங்குலம் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால் கறையைப் பொடி இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் அப்போது திரி எரியக்கூடாது, அசிட்டோன் குப்பென்று பற்றும்.

இணைப்பிலிருந்து பழுப்பாக வழிந்தால் கதை வேறு. உள்ளே இரும்புக் கொக்கி துருப்பிடிக்கிறது. எத்தனை பாலிஷ் போட்டாலும் திரும்ப வரும். பின்சுவரில் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இப்படி ஈரம் உள்ள கல்லுக்குக் கோட்டிங் அடித்தால் உப்பு உள்ளேயே பூத்துக் கல்லை உரித்துவிடும். இடுக்குகளுக்கும் சிமென்ட் வேண்டாம். நீற்றிய சுண்ணாம்போடு சலவைக்கல் பொடி போதும்.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு சாமியார் மக்களைப் பார்த்துப் பூசை வைக்க, பல கோவில்களில் முன்னால் புதுப் பீடம் வந்தது; பழையது பூச்சாடி வைக்கும் இடமாகிவிட்டது. பித்தளைச் சாடிக்கு அடியில் பச்சைக் கறை இருக்கிறதா, பாருங்கள். இன்னொன்று, மேசைக்கல்லைத் தூக்க விடாதீர்கள். பழைய பீடங்களில் புனிதர்களின் அருளிக்கம் (எலும்புத் துண்டு போன்ற புனிதப் பண்டம்) பதித்திருப்பார்கள். பங்குத்தந்தையைக் கேட்காமல் அங்கே உளி படக்கூடாது.

திருவிழாவுக்கு மெழுகை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வெள்ளைத் துணி விரித்துவிடுங்கள். பாலிஷை மழை ஓய்ந்து ஜனவரியில் பார்க்கலாம். அப்போதும் பீடத்தின் பின்புறம் உள்ளங்கை அகலம் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆசிட் கேனோடு வந்தால் கோவில் கழிவறையைக் காட்டுங்கள்.