பார் இருட்டுல போட்டோ: லைட்டை கிளாஸுக்குப் பின்னாடி தேடுங்க

கிராண்ட் பேல ஒரு பீச் பார்ல வேலை பாக்குற தம்பி கேட்டிருக்காரு. தஞ்சாவூர் பக்கத்துல இருந்து மொரிஷியஸ் வந்து ரெண்டு வருஷம் ஆச்சாம், இப்ப ஓனர் இன்ஸ்டாகிராமுக்கு நீயே படம் எடுத்துக் குடுப்பான்னு சொல்லிட்டாராம். கையில ஒரு பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், அது கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு போன், அவ்வளவுதான். "அண்ணா, காக்டெயில் எல்லாம் மஞ்சளா கலங்கின தண்ணி மாதிரி வருது, சனிக்கிழமை சேகா ஆடுறவங்க மூஞ்சியே தெரியல, பிளாஷ் போட்டா இன்னும் மோசம், என்ன பண்ணலாம்?"னு கேக்குறாரு. சேகாங்குறது இந்த ஊர் நாட்டுப்புற ஆட்டம்.

தம்பி, முதல்ல அந்த பிளாஷை மூடி வைங்க. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்குற நம்பர்) பத்தி அப்புறம் பேசுவோம். ஒரு கிளாஸ்ல ரம் அராஞ்ஜே (பழம், வாசனைப் பொருள் ஊற வச்ச ரம்) ஊத்தி கவுண்டர்ல வச்சுட்டு, கேமரா இல்லாம வெறும் கண்ணால அதைச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. விளக்கு உங்க முதுகுப் பக்கம் இருக்குறப்ப அந்த ரம் கஷாயம் மாதிரி கருப்பா நிக்கும், அதே விளக்கு கிளாஸுக்கு அந்தப் பக்கம் வந்த உடனே தேன் மாதிரி மினுங்கும், உள்ள கெடக்குற வெண்ணிலா காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் தனித்தனியா தெரியும். சோறு, கறி, மனுஷ மூஞ்சி இதெல்லாம் மேல பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது, அதான் முன்னாடி லைட் அடிச்சாலும் தெரியுது. தண்ணி மாதிரி இருக்குற பானம் வெளிச்சத்தை உள்ள விட்டு அந்தப் பக்கம் கடத்துது, அதனால அதுக்குப் பின்னாடி லைட் இருந்தாதான் கலர் வரும். நீங்க பிளாஷ் அடிச்சப்ப கிடைச்சது கண்ணாடி மேல ஒரு வெள்ளைப் பொட்டும் பின்னாடி கரி இருட்டும்தான், அது உங்க தப்பு இல்ல, கிளாஸுக்கு அந்த லைட் ஒத்துக்காது.

பின்னாடி விளக்கே இல்லாத மேசைன்னா ஒரு வேலை இருக்கு, நான் இன்னைக்கு வரைக்கும் பண்றது. கெட்டியான வெள்ளை அட்டையை கிளாஸை விடக் கொஞ்சம் சின்னதா வெட்டி, கிளாஸுக்குப் பின்னாடி, கேமராவுக்குத் தெரியாத மாதிரி சாய்ச்சு நிறுத்துங்க. பக்கத்துல எந்த விளக்கு இருக்கோ அந்தப் பக்கம் அட்டை முகத்தைத் திருப்புங்க, அவ்வளவுதான், பானம் உள்ள இருந்து எரியுற மாதிரி ஆயிடும். பீனிக்ஸ் பீர், விஸ்கி, ரம் மாதிரி பொன் கலர் ஐட்டத்துக்கு வெள்ளைக்குப் பதிலா தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்குள்ள வர்ற தங்கக் கலர் அட்டையை வெட்டி வச்சுக்கோங்க, பையில எப்பவும் நாலு துண்டு கெடக்கட்டும். விளக்கே பத்தலையா, கூட வேலை பாக்குறவர் போன்ல டார்ச் போட்டு அதுமேல ரெண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பரைப் பிடிச்சு, கிளாஸுக்குப் பின்பக்கம் ஓரமா காட்டச் சொல்லுங்க.

கிளாஸைத் தொடைங்க. இதைப் பல பேர் கண்டுக்கவே மாட்டாங்க. பின்னாடி லைட் வச்சா ஒவ்வொரு கைரேகையும் எழுதி ஒட்டின மாதிரி தெரியும். பீர் நுரை கொஞ்ச நேரம்தான் நிக்கும், அதனால எல்லா செட்டிங்கும் முடிச்சு, அதே இடத்துல ஒரு காலி கிளாஸை வச்சு போகஸ் பண்ணிட்டு, கடைசியா பீரை ஊத்துங்க. நுரை இறங்கிட்டா ஒரு சிட்டிகை உப்பு போட்டா திரும்ப பொங்கும், ஆனா அந்த கிளாஸ் அப்புறம் கஸ்டமர்கிட்ட போகக்கூடாது. வெளிய பனித்துளி நிக்கணும்னா கிளிசரினும் தண்ணியும் சரிபாதி கலந்து ஸ்பிரே பண்ணுங்க, அந்தத் துளி ரொம்ப நேரம் அப்படியே இருக்கும்.

இப்ப லென்ஸ். 18-55ல ஜூம் பண்ணி 55க்குப் போனா எஃப் 5.6 தான் திறக்கும், இந்த எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் துவாரம் பெருசுன்னு அர்த்தம். ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினா அதை விட கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும், கேனான் லென்ஸ்லயே விலை கம்மியான லிஸ்ட்ல அதுவும் ஒண்ணு, பழசாவும் கிடைக்கும். புது கேமராவுக்குக் காசு சேக்காதீங்க, முதல் சம்பளத்துல இதை வாங்குங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. ஆனா கிட்டப் போய் 1.8லயே கிளாஸை எடுத்தா விளிம்பு ஷார்ப்பா இருக்கும், அது மேல சொருகின எலுமிச்சைத் துண்டு மங்கிடும், அதனால கிளாஸுக்கு 2.8 பக்கம் வைங்க, கேமராவை கவுண்டர்ல ஊன்றிப் பிடிங்க, கிளாஸ் என்ன ஓடவா போகுது, ஷட்டர் 1/50 நொடி போதும். ஐஎஸ்ஓ 1600, 3200 போகட்டும், பயப்படாதீங்க. புள்ளி புள்ளியா வந்தா போன் ஸ்கிரீன்ல யாருக்கும் தெரியாது, ஆடிப்போன படத்தை யாராலும் சரி பண்ண முடியாது. கம்மி ஐஎஸ்ஓல இருட்டா எடுத்துட்டு அப்புறம் ஏத்திக்கலாம்னு நெனச்சா நிழல் எல்லாம் கோடு கோடா சேறா வரும்.

இன்னொண்ணு, ஆட்டோல விட்டா கேமரா இருட்டைப் பார்த்து பயந்து எல்லாத்தையும் வெளுக்க வைக்கும், அதனால எக்ஸ்போஷரை (படத்தோட மொத்த வெளிச்சத்தை) மைனஸ் ஒண்ணு இறக்கி வைங்க. பார் பார் மாதிரி இருக்கணும்ல, ஆஸ்பத்திரி மாதிரி இருந்தா யாரு வருவா. மஞ்சளுக்குக் காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த விளக்கு நிறத்தை வெள்ளையா எடுத்துக்கணும்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங். குண்டு பல்பு, வார்ம் எல்இடி எல்லாத்தோட நிற அளவும் 3000 கெல்வின் பக்கம். நீங்க 3200, 3500னு கையால வைங்க, கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும், அது நல்லது. ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சதை மாத்தாம அப்படியே சேமிக்கிற ஃபைல்) எடுத்தா அப்புறம்கூட மாத்திக்கலாம். நீலம், பிங்க் ஸ்டேஜ் லைட்டுல மூஞ்சி எடுத்தீங்கன்னா மட்டும் ராவாலயும் ரொம்பக் காப்பாத்த முடியாது, லைட் மாறுற வரை காத்திருங்க.

படத்துக்குக் குறுக்க கருப்புப் பட்டை பட்டையா வருதான்னும் பாருங்க. மொரிஷியஸ்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சாதாரண எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவ மங்கி எரியுது. 1/250ல எடுத்தா அந்த மங்கல் பட்டையா விழும், 1/100 இல்ல 1/50 வச்சா சமமாயிடும். சைலன்ட் ஷட்டர் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, பட்டை இன்னும் அதிகமாகும்.

அப்ப சேகாவை 1/100ல எடுக்க முடியுமான்னா, முடியும். சேகால காலைத் தரையை விட்டு பெருசா தூக்க மாட்டாங்க, இடுப்பும் பாவாடையும்தான் வேலை செய்யுது, தலை அவ்வளவா அலையாது. கொஞ்ச நேரம் நின்னு பாட்டைக் கேளுங்க, ஒரு பக்கம் சுத்தின உடம்பு திரும்புற இடத்துல ஒரு கணம் நிக்கும், அந்த கணத்துல அமுத்துங்க, மூஞ்சி தெளிவாவும் பாவாடை விசிறி மாதிரி கலங்கியும் வரும், அந்தக் கலங்கல்தான் ஆட்டத்தைக் காட்டும். போகஸ் இருட்டுல அலையும், நடு பாயிண்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு, வெளிச்சமும் நிழலும் சேர்ற தாடை ஓரத்துல பிடிங்க.

உங்க பார்ல சேகாவுக்கு ஆட்டுத்தோல் ரவான் (கையால அடிக்கிற வட்டமான மேளம்) வாசிக்கிறாங்கன்னா ஒரு அரை மணி முன்னாடியே போயிடுங்க. நம்ம ஊர்ல பறையைத் தீயில காய்ச்சுற மாதிரியே அவங்களும் ரவானை நெருப்புக்கிட்ட காட்டி தோலை இறுக்குவாங்க. நெருப்பு கீழ, வாசிக்கிறவர் குனிஞ்சு தோலைத் தட்டித் தட்டிக் கேப்பாரு, தோல் வழியா வெளிச்சம் ஆரஞ்சா ஊறி வரும், கையோட நிழல் உள்பக்கம் தெரியும். எந்த ஸ்டேஜ் லைட்டும் இதுக்கு ஈடு இல்ல. ஸ்பாட் மீட்டர் (ஒரே ஒரு இடத்தோட வெளிச்சத்தை மட்டும் அளக்குறது) மூஞ்சிக்கு வைங்க, நெருப்புக்கு வைக்காதீங்க. நான் வந்த புதுசுல இதே காட்சியை பிளாஷ் போட்டு எடுத்தேன், மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி, நெருப்பு இருந்த இடமே தெரியல. அந்த ராத்திரி ரவான் வாசிச்ச பெரியவரை அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல, அது இன்னும் மனசுல உறுத்துது.

போன்ல எடுக்குறப்ப லென்ஸைத் துணியால தொடைச்சுட்டு, ஒரு மடங்கு மெயின் லென்ஸையே வைங்க, அல்ட்ரா வைடு இருட்டுக்கு ஆகாது. கிளாஸ் மேல அமுத்திப் பிடிச்சு வெளிச்சத்தைக் கீழ இழுங்க. நைட் மோடு கிளாஸுக்கும் காத்தோ பிமா (நம்ம பருப்பு வடை மாதிரி இந்த ஊர் பலகாரம்) தட்டுக்கும் சரி, ஆளுங்களுக்கு வேண்டாம்.

சூரியன் மறையுற நேரம் உங்க பக்கம் இலவசமா கிடைக்கிற பின் வெளிச்சம். ஜூன்ல ஆறு மணிக்கு முன்னாடியே போயிடும், டிசம்பர்ல ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்புறம் ஒரு இருபது நிமிஷம் நீல வானமும் பார் விளக்கும் ஒரே அளவுல இருக்கும், மெனு படம் எல்லாத்தையும் அதுக்குள்ள முடிச்சிடுங்க. ஏசி ரூம்ல இருந்து கேமராவை நேரா வெளிய கொண்டு வந்தா லென்ஸ் மேல ஆவி படியும், பையோட வெளிய வச்சு இருபது நிமிஷம் கழிச்சுத் திறங்க.

மூஞ்சி தெரியுற மாதிரி யாரை எடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இங்க 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஓனருக்கும் அதைச் சொல்லி வைங்க. சட்டம் இருக்கட்டும், ராத்திரி நிம்மதியா ஒரு கிளாஸ் குடிக்க வந்தவங்க அவங்க. வேண்டாம்னு கை காட்டினா அந்தப் படத்தை அவங்க முன்னாடியே அழிச்சிடுங்க.

அப்புறம் அங்கேயே ஸ்கிரீனைப் பார்த்து எது நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, இருட்டுல ஸ்கிரீன் எப்பவும் பிரகாசமா ஏமாத்தும், ஹிஸ்டோகிராமை (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) பாருங்க. மிச்சத்தை மறுநாள் காலைல பகல் வெளிச்சத்துல உக்காந்து தேர்ந்தெடுங்க, அந்த ரம் அராஞ்ஜே படத்தை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.